பூனைக்கு வைத்த மணல் சட்டி

பூனை மூத்திரத்தின் நாற்றத்தை அனுபவிக்காதவர்களுக்கு அதை விளக்கிச் சொல்வது கஷ்டம். நான் மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் பிறந்து வளர்ந்தவள். சாணியும் கோமியமும் எனக்கு நாற்றமே இல்லை. கோழிக் கூட்டைக் கையால் வழித்துச் சுத்தம் செய்திருக்கிறேன். மழையில் ஊறிய வைக்கோல், எருக்குழி, செத்த பெருச்சாளி எல்லாவற்றுக்கும் என் மூக்கு பழகித்தான் இருந்தது. பூனையுடையதற்கு மட்டும் பழகவில்லை. அது மூக்கோடு நிற்பதில்லை. கண்ணுக்குப் போய் எரியும். தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். தலைமயிரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து ஈரத்தலையைத் துவட்டினால் துண்டிலிருந்து அதே வாடை வரும். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வாடைக்குள் நான் குடித்தனம் செய்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. என் ஊரான கூரத்திலிருந்து உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் என் கணவர், மாமனார், நான். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முந்திய வருஷமே போய்விட்டார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் நிலம் இருந்தது, அதை மாமனார் பார்த்துக்கொண்டார். கணவர் உத்திரமேரூரில் ஒரு ரைஸ்மில்லில் மிஷின் ஓட்டினார். காலையில் சைக்கிளில் போனால் பொழுது சாயத்தான் வருவார். ஓட்டு வீடு. ஒரு கூடம், சமையலறை, அதற்கு அடுத்து ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அதை உள்ரூம்பு என்பார்கள். நெல் மூட்டைகளை அங்கேதான் அடுக்கியிருந்தார்கள்.

நான்காவதாக அந்தப் பூனை. நல்ல கடுவன். சாம்பல் நிறத்தில் மஞ்சள் வரி. முகம் தேங்காய் மூடி அகலத்துக்கு இருக்கும். ஏதோ சண்டையில் ஒரு காது கிழிந்து தொங்கியது. மாமனார் கயிற்றுக் கட்டிலில் படுத்தால் அது ஏறி அவர் வயிற்றின்மேல் படுத்துக்கொள்ளும். அவர் தட்டிலிருந்து பால் சோற்றை உருட்டி உருட்டிக் கொடுப்பார். அந்தத் தட்டைக் கழுவ வேண்டியவள் நான். புளி போட்டுத் தேய்ப்பேன், சாம்பல் போட்டுத் தேய்ப்பேன், அப்புறமும் அந்தத் தட்டைத் தனியாகத்தான் கவிழ்த்து வைப்பேன். ஆனால் அதற்குமேல் எனக்கும் பூனைக்கும் சண்டை இருந்ததில்லை. அது தன் வேலையைத் தோட்டத்தில் முருங்கை மரத்தடியில் முடித்துக்கொண்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வரும். நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

அந்த வருஷம் சம்பா கதிர் தள்ளும் நேரத்தில் வயலில் எலி பெருகிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் அரிவாள் போட்டதுபோல் பயிர் வெட்டுண்டு கிடக்கும். ஊர்க்காரர்கள் எல்லோரும் பேசி ஒரே சமயத்தில் வரப்புக்கு வரப்பு எலி மருந்து வைத்தார்கள். எலிகள் செத்தன. செத்த எலியைத் தின்ற பூனைகளும் செத்தன. செக்குக்காரர் வீட்டுப் பூனை நடுத்தெருவில் நுரை தள்ளிச் சுருண்டு கிடந்ததை நானே பார்த்தேன். அடுத்த வீட்டுப் பூனை எங்கள் வைக்கோல் போருக்குள் நுழைந்து செத்துவிட்டது. வாடை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாமனார் வைக்கோலைப் பிரித்து அதை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். வந்த கையோடு எங்கள் பூனையைத் தேடிப் பிடித்து உள்ளே போட்டுத் தோட்டத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"இனிமே இவன் வெளிய போவக் கூடாதும்மா. மருந்து வைக்கிறது முடியிற வரிக்கும் வூட்லயே கெடக்கட்டும்."

"வெளிக்குப் போவணும்னா அது எங்க மாமா போவும்?" என்று கேட்டேன்.

அதற்கும் அவர் வழி யோசித்து வைத்திருந்தார். கொல்லர்களும் கொத்தனார்களும் வைத்திருப்பதுபோல ஒரு பழைய இரும்புச் சட்டி மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. கிணற்றுக்குப் பூச்சு வேலை செய்தபோது வாங்கி மிஞ்சிய செய்யாற்று மணல் தோட்டத்தில் குவியலாக இருந்தது. சட்டியில் மணலைக் கொட்டி உள்ரூம்பில், நெல் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் கொண்டு வைத்தார். பூனையைத் தூக்கி அதில் நிற்க வைத்து அதன் முன்னங்காலைப் பிடித்து மணலைக் கீறிக் காட்டினார். அது அவரை ஒரு தடவை பார்த்தது. பிறகு தானாகவே குழி பறித்து உட்கார்ந்தது. மாமனாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"பாத்தியா, மனுசன் மாதிரி புரிஞ்சிக்கினான்!"

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். மசக்கை. கடுகு தாளித்தாலே குமட்டும். சோப்பு வாசனை ஆகாது, கணவரின் சட்டையில் இருக்கும் தவிட்டு வாசனை ஆகாது. உலகத்தில் இருக்கிற எல்லா வாசனையும் பத்து மடங்காக வந்து என் மூக்கில் மோதிக்கொண்டிருந்த சமயம். சமையலறைக்கும் உள்ரூம்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான்; அந்தச் சுவரும் கூரை வரை போகாது.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை உலை வைக்கும்போது லேசாக ஏதோ வந்தது. ஈரத்துணி மக்கினதோ என்று தேடினேன். மறுநாள் அது ஈரத்துணி இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அது வளர்ந்தது. மாமனார் தினமும் காலையில் ஒரு தேங்காய் ஓட்டால் கட்டியை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே எறிவார். ஈர மணலைக் கிளறிவிட்டு மேலே ஒரு பிடி புது மணல் தூவுவார். அவ்வளவுதான். கிளறும்போது எழும்பும் வாடை சுவரேறி வந்து கொதிக்கிற சோற்றுப் பானையின் மேல் இறங்கும். சோற்றை வடித்துக் கிண்ணத்தில் போட்டு வாய்க்குக் கொண்டுபோனால் சோறே பூனையாக நாறும். நாக்கில் வைத்த உப்புக்கூட அதன் மூத்திரத்தில் எடுத்த உப்போ என்று தோன்றும். தண்ணீர்ப் பானையைக் கூடத்துக்கு மாற்றினேன். தண்ணீரும் நாறியது.

நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்வதை மாமனார் பார்த்தார்.

"இன்னாம்மா, எதுக்கு மூக்கப் புடிச்சிக்கினு கீற?"

"நாத்தம் மாமா. தாங்க முடியல."

"நாத்தமா?" அவர் உள்ரூம்பு வாசலில் நின்று ஆழமாக மூச்சை இழுத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியிலியே. மசக்கை இல்ல, அதான் உனக்கு அப்டி கீது."

அவர் சின்ன வயசிலிருந்து மூக்குப்பொடி போடுகிறவர். அந்த மூக்கில் ஒன்றும் ஏறாது. எனக்கு அது அப்போது தெரியாது. வேண்டுமென்றே சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். கணவரிடம் சொன்னேன். அவருக்கும் நாறியது, ஆனால் பகலெல்லாம் மில்லில் இருப்பவர். "அவரு கிட்ட இன்னான்னு சொல்றது? அம்மா போனதுல இருந்து அந்தப் பூனைதான் அவருக்கு எல்லாம். கொஞ்ச நாளு பொறுத்துக்கோ" என்றார்.

பொறுத்துக்கொள்ள முடியாமல் நானே இறங்கினேன். அடுப்புச் சாம்பலை அள்ளி மணலின்மேல் கொட்டினேன். வாடை ஒரு பொழுது அடங்கியதுபோல் இருந்தது. ஆனால் பூனையின் காலெல்லாம் சாம்பல். மூத்திரத்தில் நனைந்த சாம்பல். அந்தக் காலோடு அது கூடத்தில் நடந்தது, அம்மிமேல் ஏறியது, வெயிலில் காயவைத்து உள்ளே எடுத்து விரித்திருந்த வடகத் துணிமேல் குறுக்காக நடந்து போனது. வெள்ளைத் துணியில் கறுப்புப் பாதங்கள். வடகத்தை அப்படியே துணியோடு சுருட்டி எருக்குழியில் போட்டேன்.

பிறகு சாம்பிராணி. செவ்வாய், வெள்ளி என்று பார்க்காமல் தினமும் போட்டேன். நாற்றம் போகவில்லை, சாம்பிராணியோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் யார் வீட்டிலாவது சாம்பிராணி போட்டால் எனக்குக் கோயில் ஞாபகம் வருவதில்லை, உள்ரூம்புதான் ஞாபகம் வருகிறது.

கடைசியில் கணவரிடம் சொல்லி உத்திரமேரூரிலிருந்து ஒரு பாட்டில் பினாயில் வரவழைத்தேன். சட்டியில் தாராளமாக ஊற்றினேன். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. எனக்கு அது அன்றைக்கு மல்லிகைப் பூ மாதிரி இருந்தது. பூனை சட்டிக்கிட்டே போய் முகர்ந்து பார்த்து, முன்னங்காலை உதறிக்கொண்டு, பின்னாலேயே வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அது எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கொஞ்சம் தலை சாய்க்கலாம் என்று கூடத்தில் பாயை விரித்துத் தலையணையில் கன்னத்தை வைத்தேன். ஜில்லென்று ஈரம். வியர்வையோ என்று கையால் துடைத்தேன். கையை மூக்குக்கிட்டே கொண்டுவந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கன்னத்தில், காதில், தலைமயிரில், எல்லாம் அதனுடையது. நான் எழுந்து தோட்டத்துக்கு ஓடினேன். கிணற்றடியில் குனிந்து வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்த பிறகும் ஓங்கரிப்பு நிற்கவில்லை. சீயக்காய்த் தூளை முகத்தில் போட்டுத் தேய்த்ததில் தோல் உரிந்து எரிந்தது. தலையணையைக் கொளுத்தினேன். எரியும் பஞ்சும் நாறியது.

அதற்கப்புறம் அது வீடெங்கும் இடம் தேடிக்கொண்டது. கணவர் மில்லுக்குப் போட்டுக்கொண்டு போக மடித்து வைத்திருந்த சட்டை. மூலையில் இருந்த முறம். நெல் மூட்டை. கடுவன் பூனைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வாலைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பின்பக்கமாகப் பீய்ச்சும். அது சட்டியில் பெய்வதைவிட மோசம். கெட்டியாக, எண்ணெய்ப் பசையோடு சுண்ணாம்புச் சுவரில் வழிந்து மஞ்சளாகக் கறை கட்டும். பினாயில் ஊற்றிய மணலை மாமனார் கையால் அள்ளி எறிந்துவிட்டுப் புது மணல் போட்ட பிறகுதான் பாதியாவது சட்டிக்குத் திரும்பியது.

அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து மணல் குவியல் நனைந்து சேறாகிவிட்டது. காய்ந்த மணல் இல்லை. சட்டியில் இருப்பது நாளுக்கு நாள் ஈரம் கூடிக் களியாகிக்கொண்டிருந்தது. "மணல் ஈரமாவே கீது மாமா, அதான் இப்டி நாறுது" என்று ஒரு நாள் சொன்னேன். சொன்னது நான்தான்.

மறுநாள் மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்துக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சமையலறைக் கூரையிலிருந்து வழக்கமாக வரும் புகையோடு வேறு ஏதோ வந்தது. அதை எப்படிச் சொல்வது? இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்ட ஒரு நாற்றம். சூடான நாற்றம். துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ஒரு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் நான் வேர்க்கடலை வறுக்கிற இரும்பு வாணலி. மாமனார் அதன் எதிரே குந்திக்கொண்டு என் கரண்டியால் பூனைச் சட்டி மணலை வறுத்துக்கொண்டிருந்தார். மணலிலிருந்து மஞ்சளாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கட்டிகள் பொரிந்தன. பூனை அவர் முழங்காலை ஒட்டி உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

"ஈரமா கீதுன்னு சொன்னியே, அதான் வறுத்து வச்சிடலாம்னு" என்றார், நல்ல காரியம் செய்கிறவரின் முகத்தோடு.

நான் சமையலறை வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கேயே வாந்தி எடுத்தேன். அவர் கரண்டியைப் போட்டுவிட்டுத் தண்ணீர்ச் சொம்போடு எழுந்து வந்தார். அந்தக் கையால் கொடுத்த தண்ணீரை நான் வாங்கவில்லை. சோற்றுப் பானையை அப்படியே இறக்கி மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தேன். வாணலியையும் கரண்டியையும் மழைக்குள் எறிந்தேன். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மாமனார் கடையில் பொரி வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார். கட்டிலில் பூனை அவர் வயிற்றின்மேல் கிடந்தது. அந்த இரண்டு பேரையும் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நான் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போகிறேன் என்று யாரோ போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரமே அம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் அதிரசப் பாத்திரத்தோடு வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். முந்தானை மூக்குக்குப் போனது.

"இன்னாடி இது? உங்க வூட்ல இன்னா செத்துக் கெடக்குது?"

"ஒண்ணும் சாவல. பூனைம்மா."

"பூனையா? பூனை இந்த நாத்தமா? வயித்துப் புள்ளத்தாச்சி இருக்கிற வூடாடி இது? எடுத்து வை உன் துணிய. பிரசவம் வரிக்கும் நம்ப வூட்ல இரு, வா."

அம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மாமனார் கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நெசமாவே அவ்ளோ நாத்தமாம்மா?"

"ஆமா மாமா. சோத்துல வாய் வைக்க முடியல. தூங்க முடியல."

"எனக்குத் தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்துப் பூட்ச்சு. பல வருசமாச்சு." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீயும் கேள்விப்பட்டிருப்ப, இவ மாமியாருக்கு சக்கர வியாதி. கால்ல புண்ணு. ஆஸ்பத்திரில காலையே எடுக்கணும்னாங்க, அவ ஒத்துக்கல. வூட்லயே போட்டு வச்சிருந்தேன். பாக்க வர்றவங்க எல்லாம் வாசல்லயே நின்னு மூக்குல துணிய வச்சிக்கினு பாத்துட்டுப் போவாங்க. கூடப் பொறந்தவகூட உள்ள வரல. நான்தான் கழுவிக் கட்டுவேன். புழு எடுப்பேன். 'நாறுதா, நாறுதா'ன்னு கேட்டுக்கினே இருப்பா. 'இல்லவே இல்ல'ன்னு சொல்லுவேன். நம்ப மாட்டா, அழுவா. நான் பொய் சொல்லல. எனக்கு நெசமாவே தெரியல. நானும் இந்தப் பூனையும்தான் அவ கால்மாட்டுல கெடந்தோம்."

அம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. ஆனால் மனசு இளகினதுபோல் மூக்கு இளகவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ரூம்பிலிருந்து ஒரு அலை வந்தது. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"அண்ணே, பூனைய வெரட்டச் சொல்லல" என்றாள் அம்மா, குரலை இறக்கி. "ஆனா இவ இங்க எப்டி இருப்பா?"

"எங்க நாறுதுன்னு எனக்குக் காட்டச் சொல்லு. நான் சுத்தம் பண்றேன். கிட்டக்கூட வர வேணாம். எட்ட நின்னு சொன்னாப் போதும்."

மறுநாள் கணவர் மில்லுக்கு லீவு போட்டார். நான் உள்ரூம்பு வாசலில் நின்றேன், கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி வைத்துக்கொண்டு. அம்மா என் பின்னால் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவர் டார்ச் அடித்தார். மாமனார் சட்டியைத் தூக்கினார்.

சட்டிக்கு அடி இல்லை. ஏற்கெனவே துருப்பிடித்திருந்தது, மூத்திரத்தில் ஊறி அரித்துப்போய் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அத்தனை நாளும் பூனை பெய்தது மணலில் ஊறினது போக மிச்சம் நேரே தரைக்கு இறங்கியிருக்கிறது. சாணி மெழுகின மண் தரை. சட்டி இருந்த இடம் கறுத்து, ஊறி, டார்ச் வெளிச்சத்தில் எண்ணெய் மாதிரி மின்னியது. அதில் வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. நான் மேலே கொட்டின சாம்பலும் பினாயிலும் இதை ஒன்றும் செய்திருக்கவே முடியாது.

எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டேன். மாமனார் மண்வெட்டியை எடுத்தார். வெட்டின மண்ணை ஒரு பிடி அள்ளித் தன் மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியில் மண்ணை ஏந்திக் கை நீளத்துக்கு எட்ட நின்று நீட்டினார்.

"இப்ப?"

பழத்தை விலக்கி முகர்ந்தேன். "நாறுது மாமா."

இன்னும் வெட்டினார். "இப்ப?"

"நாறுது."

நடுவில் தோட்டத்துக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் நின்றேன். அம்மா, "போதும் வாடி" என்றாள். நான் போகவில்லை. இதை இன்றைக்கு முடிக்காவிட்டால் பிரசவம் முடிந்து திரும்பி வரும்போதும் இது இங்கேயே இருக்கும் என்று எனக்குத் தெரியும். முழங்கை ஆழத்துக்கு வெட்டின பிறகுதான் வெறும் மண் வாசனை வந்தது. அதற்காக இத்தனை சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

ஆனால் அறையில் இன்னும் எங்கோ நாறியது. "தரை இல்ல மாமா, இன்னும் உள்ள. அந்த மூட்டைங்க பக்கம்" என்றேன். கணவர் மேல் மூட்டைகளை இறக்கினார். அடி வரிசையில் சுவரோரம் இருந்தவை நனைந்து கறுத்திருந்தன. சாக்கைக் கிழித்துக்கொண்டு நெல் முளைத்திருந்தது. வெளிச்சமே படாத, மஞ்சள் நிறத்தில் மயிர் மாதிரி முளைகள். சாக்கைப் புரட்டினபோது சூடாக ஆவி வந்தது. கணவரே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாமனார் மட்டும் கையை உள்ளே விட்டு நெல்லை அளைந்து பார்த்தார். "மேலாப்புல இருக்கிறத எடுத்துட்டுக் கழுவி அவிச்சா சரியாப் பூடும்டா. வெளஞ்ச நெல்லு."

"நைனா! அத எவன் தின்பான்?"

கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து கணவர் தன் அப்பாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மாமனார் கையை எடுத்துக்கொண்டார். மாட்டுக்காவது ஆகும் என்று ஒரு கூடை கொண்டுபோய் வைத்தார். மாடு மூச்சை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எல்லாம் எருக்குழிக்குப் போனது.

சுவரில் கறை ஏறிய உயரம் வரைக்கும் சுரண்டி, வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு இரண்டு தடவை அடித்தார்கள். வெட்டின இடத்தில் செம்மண் போட்டு இடித்துக் கெட்டித்தார்கள். எல்லாம் மாமனார்தான் செய்தார். என்னை ஒரு துணியைக்கூடத் தொடவிடவில்லை. கணவர் மில்லில் கிடந்த ஒரு எண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டி, விளிம்பைக் கையைக் கிழிக்காதபடி மடித்துத் தட்டிக் கொண்டுவந்தார். அதில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டேன். மாகறலில் தெரிந்தவர் வீட்டிலிருந்து மழையில் நனையாத மணல் ஒரு மூட்டை வந்தது. டின்னின் அடியில் அடுப்புக் கரியை உடைத்துப் பரப்பி, மேலே மெல்லிசாக மணல். உள்ரூம்பில் வைக்கவில்லை, தோட்டத்துக் கதவுக்கிட்டே, காற்று வரும் இடத்தில் வைத்தோம். காலையில் அத்தனை மணலையும் கொட்டிக் குழியில் மூடிவிட வேண்டும், ஒரு பிடிகூட மிச்சம் வைக்கக் கூடாது. டின்னை வெந்நீரில் கழுவித் துடைத்துக் காயவைத்துப் புது மணல். பினாயில் கிடையாது, சாம்பிராணி கிடையாது. வாசனை எதையாவது போட்டால் அது வேறு இடம் பார்க்கும் என்பதை என் தலையணை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அம்மா இன்னும் சில நாள் தங்கினாள். வாடை படிப்படியாக இறங்கியது. ஒரு காலை ரசம் கொதிக்கும்போது ரசத்தின் வாசனை மட்டும் வந்தது. நான் அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டேன். அம்மா ஊருக்குக் கிளம்பினாள், என்னை அழைக்காமல்.

மருந்து வைப்பது ஓய்ந்து மார்கழியில் கதவைத் திறந்துவிட்டோம். பூனை வெளியே போனது, வயல் வரை சுற்றியது, ஆனால் வேலை வந்தால் மட்டும் அவசரமாக வீட்டுக்குள் ஓடிவந்து டின்னில் உட்கார்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமனார் அதற்கும் பொறுமையாக வழி செய்தார். டின்னைத் தினமும் கொஞ்சம் நகர்த்தினார். கதவுக்கு வெளியே, துவைக்கிற கல் ஓரம், அப்புறம் மரத்தடி. கடைசியில் டின்னையே எடுத்துவிட்டார். பூனை அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மண்ணைப் பறித்தது.

"மருமவளே, ஓடியா, வந்து பாரேன்!" என்று கூப்பிட்டார். எனக்கு அதைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கேட்டதே போதும் என்று இருந்தது.

பெண் குழந்தை பிறந்து நான் திரும்பி வந்தபோது தூளி கட்டின பக்கத்துக்குப் பூனை வராதபடி மாமனார் மூங்கில் பட்டையால் ஒரு படல் பின்னி வைத்திருந்தார். நான் சொல்லாமலேயே செய்திருந்தார். அந்தப் பூனை அதற்கப்புறமும் சில வருஷம் இருந்தது. வயசாகித்தான் செத்தது. அவர் வேறு பூனை வளர்க்கவில்லை.

உள்ரூம்பில் நாங்கள் பிறகு நெல் வைக்கவில்லை, விறகு அடுக்கினோம். எத்தனை சுண்ணாம்பு அடித்தும் அடைமழை பிடித்தால் அந்தச் சுவர் ஊறி, ஒரு மூலையிலிருந்து லேசாக, மிக லேசாக அது வரும். மற்ற யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அதன் அடி இடுக்கில் ஈரச் சாக்கை மடித்து வைத்துவிட்டு, அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.